கண்ணில் அடிக்கிற கலரில் ஒரு பை

தங்கைக்குச் சுகமில்லாமல் இருந்த அந்த வருடத்தை நினைத்தால் எனக்கு முதலில் பைக்கடைகள்தான் நினைவுக்கு வருகின்றன. ஆஸ்பத்திரி பிறகுதான் வரும். டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னதில் பாதி தலைக்கு மேலே போய்விட்டது. மார்பில் கட்டி இருந்தது, எடுத்தாகிவிட்டது, இனி சில மாதம் மருந்து ஏற்ற வேண்டும் என்பது வரை காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவருடைய மேஜைமேல் இருந்த பேனாக்களில் எதற்கெல்லாம் மூடி இல்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்குகிற டாக்டர் ஊசி போட்டுவிட்டு, மரத்துவிட்டதா என்று தட்டிப் பார்ப்பார். வேறு யாருடைய வாயையோ தட்டுகிற மாதிரி இருக்கும். அந்த வருடம் முழுக்க எனக்கு அப்படித்தான் இருந்தது. சோறு பொங்கினேன், வேலைக்குப் போனேன், ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து மற்றவர்களோடு சேர்ந்து பாடினேன். பார்த்தவர்கள் எல்லாம், "நீ நல்ல தைரியக்காரியாக்கும்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

தங்கை குன்னத்துகாலில் இருக்கிறாள். புருஷனுக்கு வளைகுடாவில் வேலை. வீட்டில் மாமியாரும், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகளும். நான் பாறசாலைக்குத் தெற்கே, ரோட்டைக் கடந்தால் தமிழ்நாடு என்கிற இடத்தில் இருக்கிறேன். நெய்யாற்றின்கரையில் ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதுகிற ஓர் ஆபீசில் எனக்கு டைப் அடிக்கிற வேலை. நிலம் விற்கிறவர் யார், வாங்குகிறவர் யார், நான்கு எல்லையிலும் யாருடைய தென்னை நிற்கிறது என்று நீளத் தாளில் அடித்துக் கொடுக்க வேண்டும். மருந்து ஏற்றுகிற நாளில் லீவு சொல்லிவிட்டு பாறசாலை ஸ்டேஷனில் காத்து நிற்பேன். அவள் குன்னத்துகாலிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்குவாள். காலை ரயிலில் இரண்டு பேரும் திருவனந்தபுரம் போவோம்.

அவளுக்கு மருந்தைவிட அந்த ரயில்தான் பெரிய தொந்தரவாக இருந்தது. ஆஸ்பத்திரியில் தடித்த ஃபைல் ஒன்று தந்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரி பெயர் போட்ட வெள்ளை பிளாஸ்டிக் கவரும் தந்தார்கள். எங்கள் பாதையில் ரயில் ஏறுகிறவர்களுக்கு அந்தக் கவரைத் தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும். வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். கவரைக் கண்டதும் எதிர் சீட்டில் இருப்பவர் முகத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொள்வார். பிறகு கேள்வி வரும்.

"ஆருக்காக்கும் மக்கா?"

"எந்த எடத்தில?"

அத்தோடு நிறுத்தினால்கூடப் பரவாயில்லை. ஒருமுறை ஒரு பெண் தன் கொழுந்திக்கும் இதே இடத்தில்தான் வந்தது என்று தொடங்கினாள். கொழுந்தி நன்றாக இருந்தாள், முடிகூட திரும்ப முளைத்தது, பிறகு ஒருநாள் எலும்புக்கு இறங்கியது என்று நேமம் ஸ்டேஷன் வரும் வரை விஸ்தாரமாகச் சொன்னாள். இறங்கும்போது, "நீங்க ஒண்ணும் பேடிக்கண்டாம், கேட்டியளா" என்று, பயப்பட வேண்டாமாம், ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அவளுடைய குடையைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே எறியலாம் போல இருந்தது. தங்கை மடியில் இருந்த கவரைத் திருப்பி, எழுத்து தெரியாமல் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு துணிக்கடை கவரில் போட்டுப் பார்த்தோம். அதில் ஒரு தமாஷ் என்னவென்றால், எல்லோரும் அதையேதான் செய்கிறார்கள். துணி வாங்கிய கவர் தொளதொளவென்று தொங்கும். ஃபைல் வைத்த கவர் மூலை கூர்மையாக விறைத்துக்கொண்டு நிற்கும். காலை நேரத்தில், கடை திறக்காத வேளையில், விறைத்த துணிக்கடை கவரோடு ரயிலில் போகிறவள் எங்கே போகிறாள் என்று யாருக்குத் தெரியாது?

சபையில் சுகமில்லாதவர்களுக்காக ஜெபிக்கும்போது ஐயர், எங்கள் போதகர், ஒவ்வொருவருடைய பெயரையும் வாசிப்பார். தங்கை பெயரை வாசிக்க வேண்டாம் என்று அவள் சொல்லி, நான்தான் போய்ச் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் அடுத்த வாரம் பெயர் வராததைக் கவனித்துவிட்டு, சுகமாகிவிட்டதா, இல்லை ஆள் போய்விட்டாளா என்று இரண்டு பேர் என்னிடம் விசாரித்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அவள் ஒரு சாயங்காலம் ஃபோன் செய்தாள். அவள் குரலில் கொஞ்சம் உயிர் இருந்தது.

"அக்கா, எனக்கு ஒரு பை வேணும். தோள்ல போடுத பை."

"என்ன பை?"

"ஏழு மணி சீரியல்ல அவ வீட்ட விட்டு எறங்கிப் போவாள்லா, அப்ப அவ தோள்ல கெடந்த பை. நீ பாத்தியா?"

பார்த்திருந்தேன். ஒரு பணக்கார வீடு, அதில் எல்லாக் குற்றத்தையும் தன் தலையில் தாங்குகிற ஒரு மருமகள். ஒருநாள் பொறுமை போய் வாசல்படி இறங்குகிறாள். அவள் படி இறங்குவதை மூன்று பக்கத்திலிருந்தும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். என் மாமியார் ஒருநாள் விடாமல் பார்க்கிற சீரியல் அது. உடுத்திருந்ததோ சாதாரணச் சேலை, தோளிலோ பளீரென்று கிளிப்பச்சை நிறத்தில் ஒரு பெரிய பை. இவள் அழுதுகொண்டு போகிறாளா, பை விளம்பரத்துக்குப் போகிறாளா என்று நான் அப்போதே மாமியாரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"பாத்தேன். அது கண்ணுல அடிக்கிற கலராச்சே" என்றேன்.

"அதுதான் வேணும். அதே கலரு. பையப் பாக்கட்டும் எல்லாரும். எனக்க மொகத்தப் பாக்கண்டாம்."

வேறு எதையும் அவள் அந்த மாதங்களில் என்னிடம் கேட்கவில்லை. சாப்பிட என்ன வேண்டும் என்றால் ஒன்றும் வேண்டாம் என்பாள். வந்து இருக்கவா என்றால் வேண்டாம் என்பாள். இந்த ஒன்றுதான் கேட்டாள். அடுத்த முறை மருந்து ஏற்றப் போவதற்குள் இதை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அது ஆசையா, பிடிவாதமா, வேறு ஒன்றும் செய்யத் தெரியாததா என்று எனக்குத் தெரியாது. உள்ளே எதுவும் அசையவில்லை. கால் மட்டும் நடந்தது.

ஃபைல் எந்த அளவு என்று கடையில் சொல்ல முடியாது. சொன்னால் என்ன ஃபைல் என்பார்கள். அதனால் ஆபீசிலிருந்து ஆதாரத் தாள் கொஞ்சம், டைப்பில் பிழை வந்து ஒதுக்கியவை, எடுத்து ஒரு அட்டைக்குள் வைத்துக்கொண்டேன். ஏறக்குறைய ஃபைலின் நீளம்தான் அதுவும். கடைக்குப் போவது, பையைத் திறப்பது, அட்டையை உள்ளே விடுவது, சிப் மூடுகிறதா என்று பார்ப்பது. கடைக்காரர்கள் என்னை ஏதோ வக்கீல் குமஸ்தா என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

பாறசாலை ஜங்ஷனில் தொடங்கினேன். அங்கே கறுப்பு இருந்தது, காப்பிப் பொடி நிறம் இருந்தது, கறுப்பும் காப்பிப் பொடியும் கலந்தது இருந்தது. பச்சை வேண்டும் என்றதும் கடைக்காரர் என் கழுத்தில் கிடந்த சிலுவையையும் சேலையையும் ஒருமுறை பார்த்தார்.

"சபைக்குக் கொண்டு போக கறுப்பாக்கும் நல்லது. பைபிளும் கொள்ளும், குடையும் கொள்ளும். அழுக்கும் தெரியாது."

"எனக்கு அழுக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்ல. பச்ச உண்டா?"

"அது சின்னப் பிள்ளையளுக்கு உள்ளதாக்கும்" என்று சொல்லி, பள்ளிக்கூடப் பை ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு கரடி சிரித்துக்கொண்டிருந்தது.

களியக்காவிளையில் வேறு கதை. அங்கே ராணி பிங்க் நிறத்தில்தான் எங்கு பார்த்தாலும் பை. கடைக்குக் கடை கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஒரு கடைப்பெண் அந்த நிறத்தில் நல்ல பெரிய பை ஒன்றை எடுத்து என் தோளிலேயே மாட்டிவிட்டாள். அட்டையும் சரியாக உள்ளே போனது. இது வேண்டாம், கிளிப்பச்சை வேண்டும் என்றேன். "இது இப்ப சீரியல்ல வந்த பை அக்கா, எல்லாரும் இதத்தான் கேக்காங்க" என்றாள். எந்தப் பையைக் காட்டினாலும் இவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஃபோனில் ஆர்டர் போட்டும் பார்த்தேன். படத்தில் அந்தப் பை ஒரு பெண்ணின் தோளில் பெரிதாகத் தொங்கியது. வந்து சேர்ந்ததோ என் உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிது. அதில் ஃபைல் என்ன, ஆஸ்பத்திரி சீட்டைக்கூட நான்காக மடித்துத்தான் வைக்க வேண்டும். நிறமும் பச்சை இல்லை, பாசி. திருப்பி அனுப்பினேன்.

நெய்யாற்றின்கரையில் சாப்பாட்டு நேரத்தில் பையைத் தேடிப் போவேன். கோர்ட்டுக்குப் போகிற ரோடு, மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட் என்று எல்லா இடமும் ஆயிற்று. ஒரு கடையில் இருந்த பெண்ணுக்கு என் மேல் இரக்கம் வந்து, "சேச்சிக்கு இத்ர கடும் கலர் எந்தினா?" என்று கேட்டாள். இவ்வளவு அடிக்கிற கலர் எதற்கு என்று எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும். கல்யாணத்துக்கு என்று சொன்னேன். யாருடைய கல்யாணம் என்று அடுத்த கேள்வி வருவதற்குள் வெளியே வந்துவிட்டேன். ஆபீசில் கூட இருக்கிறவர்கள், "ஒரு பைக்கா இப்பிடி அலையது?" என்றார்கள். மத்தியானச் சாப்பாடு சாப்பிடாமலே திரும்பி வந்து, வடக்கு எல்லை, தெற்கு எல்லை என்று டைப் அடிப்பேன். பசியும் தெரியவில்லை.

கடைசியில் அது குடைக்கடை ஒன்றில் இருந்தது. கடைக்கு வெளியே, உயரத்தில், ஒரு கொக்கியில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதே கிளிப்பச்சை. ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே கண்ணைக் குத்தியது. கடைக்காரர் வயதானவர். கேட்டதும் தலையை ஆட்டினார்.

"அது விக்க உள்ளதில்ல. ஆளக் கூப்பிட உள்ளதாக்கும்."

"அப்பிடிண்ணா?"

"அதப் பாத்து ஆளு நிக்கும். உள்ள வரும். பெறவு கறுப்பு வாங்கிட்டுப் போவும். அந்தப் பச்சய இதுவரை ஆரும் வாங்கல்ல. அதக் குடுத்திட்டா நான் எதக் காட்டி ஆளக் கூப்பிட?"

நான் அங்கேயே நின்றேன். கெஞ்சவில்லை, பேரம் பேசவில்லை. கெஞ்சுவதற்கு மனதில் ஏதாவது பொங்க வேண்டுமே. வெறுமனே அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாங்க வருகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து அவரே கம்பை எடுத்துக் கொக்கியிலிருந்து அதைத் தட்டி இறக்கினார். தூசி தட்டி, ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தார். அட்டையை உள்ளே விட்டுப் பார்த்தேன். சிப் மூடியது.

அதைத் தூக்கிக்கொண்டு நேராகக் குன்னத்துகால் பஸ் ஏறினேன். தங்கை முன்னறையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பையை எடுத்து மடியில் வைத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எந்தப் பை?"

"நீ கேட்டதுதான்."

"இது அவளுக்க பை இல்ல, அக்கா."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. எத்தனை கடை, எத்தனை மத்தியானம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சுகமில்லாதவள் என்றுகூடப் பார்க்கவில்லை. அவளும் விடவில்லை. கண் முன்னால் பார்த்தேன், ராணி பிங்க்தான் என்றாள். நான் பார்த்தேன், கிளிப்பச்சைதான் என்றேன். சத்தம் கேட்டு அவள் மாமியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் டிவியில் அந்த சீரியல் முன்கதையோடு தொடங்கியது. அதே வீடு, அதே படி, படியில் அதே மருமகள். ஆனால் அது வேறு ஒரு நடிகை, தோளில் ராணி பிங்க் பை, பேசியது மலையாளம்.

எங்கள் பக்கத்தில் கேபிளில் இரண்டு மொழியும் வரும். என் மாமியார் வீட்டில் தமிழ், இவள் மாமியார் வீட்டில் மலையாளம். ஒரே கதையை இரண்டு மொழியிலும் எடுத்து, இரண்டு சேனலிலும் ஏழு மணிக்கே போடுகிறார்கள். தமிழ் மருமகள் சில மாதம் முன்னாலேயே வீட்டை விட்டு இறங்கிவிட்டாள். மலையாள மருமகள் இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால்தான் இறங்கினாள். மலையாளத்துக்கு ராணி பிங்க், தமிழுக்குக் கிளிப்பச்சை. நாங்களோ நடிகை யார் என்று கேட்கவில்லை, பாஷை என்ன என்று கேட்கவில்லை. இரண்டு பாஷையும் ஒரே வாயில் பேசுகிறவர்களுக்கு அது தோன்றுவதும் இல்லை.

தங்கை சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. அவள் சிரித்து நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. நானும் சிரித்தேன், ஆனால் அது வாய் மட்டும் சிரித்தது.

"அப்ப அடுத்து என்ன நடக்கும்ணு ஒனக்குத் தெரியும். அவ என்ன ஆனா?" என்று கேட்டாள்.

"இன்னும் அழுதிட்டுத்தான் கெடக்கா."

"அந்தப் பையும் வச்சிட்டா?"

"அந்தப் பையும் வச்சிட்டுத்தான்."

மாற்றி வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். "இது இன்னும் கொள்ளாம். இதுதான் நல்லா அடிக்குது" என்று ஃபைலை எடுத்து அதற்குள் வைத்து, சிப்பை மூடி, தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

அடுத்த முறை ரயிலில் ஏறியபோது எல்லோரும் பையைப் பார்த்தார்கள். பிளாட்ஃபாரத்திலேயே பார்த்தார்கள். ஆனால் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தங்கை ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கம் வராது, கண்ணை மூடினால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், அதற்காகத்தான்.

தனுவச்சபுரத்தில் ஒரு பெண் ஏறி எதிரில் உட்கார்ந்தாள். நான் கண்ணைத் திறந்து மறுபடி மூடுவதற்குள் அவள் மடியில் ஒரு துணிக்கடை கவரைப் பார்த்தேன். மூலைகள் விறைத்துக்கொண்டு நின்றன. பிறகு அவள் கேட்டாள்.

"இந்தப் பை எங்க கிட்டிச்சு?"

"நெய்யாற்றின்கரையில. எனக்க அக்கா வாங்கித் தந்தது" என்றாள் தங்கை. அத்தோடு முடியும் என்று நினைத்தேன். சிப் திறக்கிற சத்தம் கேட்டது. "நீங்க வாங்குனா பெருசா பாத்து வாங்கணும், கேட்டியளா. இல்லேங்கி ஃபைலு மடங்கிப் போவும். பாருங்க, இதில மடங்காது."

கையைப் பிடித்துத் தடுக்கலாம் என்று தோன்றியது. அதற்குள் அவள் அந்த வெள்ளைக் கவரையே வெளியே எடுத்துவிட்டாள். பிளாஸ்டிக் சலசலத்தது. இதை மறைக்கத்தானே இவ்வளவு அலைந்தேன் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்கவில்லை.

இரண்டு பேரும் பேசத் தொடங்கினார்கள். நகம் கறுத்துப் போவது, சோறு வாயில் இரும்பு மாதிரி இருப்பது, நரம்பு கிடைக்காமல் திரும்பத் திரும்பக் குத்துவது. எனக்குக் கொஞ்சம் தெரிந்தவை, பாதி தெரியாதவை. அமரவிளை தாண்டியதும் தங்கையின் குரல் தணிந்தது.

"எனக்கு நல்ல பயமுண்டு. பிள்ளையளுக்குத் தல பின்னும்போ, இந்தத் தலய அடுத்த வருசம் ஆரு பின்னுவாண்ணு தோணும்."

"ஆருகிட்டயும் சொல்லலியா?"

"ஆருகிட்ட சொல்ல?"

"கூட இருக்கது அக்காதானே. அவியகிட்ட சொல்லலாம்லா?"

தங்கை திரும்பி, நான் தூங்குகிறேனா என்று பார்த்திருப்பாள். பிறகு இன்னும் மெதுவாகச் சொன்னாள்.

"அவகிட்ட எப்பிடிச் சொல்ல? அவ ஒரு பொட்டு கண்ணீரு விட்டு நான் பாக்கல்ல. பித்துப் பிடிச்ச மாதிரி கட கடயா ஏறி எறங்கிட்டு இருக்கா. எனக்குப் பயமுண்டுண்ணு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. அவளுக்கு வேண்டித்தான் நான் சிரிச்சிட்டு இருக்கேன்."

நெய்யாற்றின்கரை வந்தது. நிறையப் பேர் ஏறினார்கள், யாரோ என் முழங்காலில் இடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு நெஞ்சு வலித்தது. வலித்ததுதான், வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. கண்ணுக்குள்ளிருந்து வந்தது கன்னத்தில் இறங்கி, தாடை வரை போனது. துடைத்தால் நான் விழித்திருப்பது அவளுக்குத் தெரிந்துவிடும். கையை மடியிலேயே வைத்துக்கொண்டு தூங்கினேன்.